மேற்கோள் எண்ணிக்கையும் எங்கட வன்னியும்

எங்கட ஊரில ஒரு டொக்டரைப் பற்றி விசாரிக்கிறதெண்டால் இரண்டு கேள்விதான் வரும். "கைராசி எப்பிடி?" "சனத்தோட வடிவாக் கதைப்பாரோ?" பல்கலைக்கழகத்திலே அதே டொக்டரைப் பற்றி வேறு இரண்டு கேள்வி கேட்பார்கள். எத்தனை ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்? அவற்றை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்? இந்த இரண்டாவது சோடிக் கேள்விகள் எங்கேயிருந்து வந்தன, அவை எதைக் காட்டுகின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இதற்கு நாங்கள் எடுத்துக்கொள்பவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவம் படிப்பித்தவர். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் போர்க்காலம் முழுக்க நோயாளரைப் பார்த்தவர். பிறகு அவுஸ்திரேலியாவின் அடிலெய்டிலும் பணியாற்றியவர். வடக்கின் போரும் மனநலமும் பற்றி உலகத்தில் யார் எழுதினாலும் அவருடைய கட்டுரைகளைத் தாண்டிப் போவது கடினம்.

அவரை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2010இல் வெளிவந்த அவருடைய கட்டுரையொன்றின் தலைப்பிலேயே வன்னி இருக்கிறது. அதில் பேசப்படுவது தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு ஏ-35 வீதி வழியே ஒதுங்கி ஒதுங்கிப் போன சனத்தின் கதை. அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிற ஒவ்வொருவரும் ஒரு வகையில் எங்கட அம்மா அப்பாவையும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எண்ணிக்கை எங்களுக்கு என்னத்தைச் சொல்லுது எண்டு கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கு.

எண்ணத் தொடங்கினது எப்பிடி

அமெரிக்காவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்ட் என்பவர் 1955இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு யோசனையை முன்வைத்தார். சட்டத்தரணிகளிடம் ஏற்கனவே ஒரு முறை இருந்தது. பழைய தீர்ப்பொன்று பிறகு எந்தெந்த வழக்குகளில் எடுத்தாளப்பட்டது எண்டு அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள். அதே மாதிரி ஒரு விஞ்ஞானக் கட்டுரை பிறகு எந்தெந்தக் கட்டுரைகளில் சுட்டப்பட்டது எண்டு அட்டவணை போட்டால் என்ன எண்டு அவர் கேட்டார். 1964இல் அந்த அட்டவணை விஞ்ஞான மேற்கோள் சுட்டியாக வெளிவந்தது. ஒரு கருத்து எங்கே பிறந்து எங்கெங்கே போனது எண்டு தேடிப் பிடிக்கத்தான் அது முதலில் உருவாக்கப்பட்டது.

அதிலிருந்து சஞ்சிகைகளுக்கான தாக்கக் காரணி வந்தது. ஒரு சஞ்சிகை கடந்த இரண்டு வருடத்தில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த வருடம் எத்தனை மேற்கோள் கிடைத்தது எண்டு கூட்டி, அந்தக் கட்டுரைகளின் தொகையால் பிரிப்பது. நூலகங்கள் எந்தச் சஞ்சிகையை வாங்கலாம் எண்டு தீர்மானிக்க இது உதவியது. 2005இல் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹேர்ஷ் தனி ஆய்வாளருக்கு ஒரு எண்ணைக் கொண்டுவந்தார். அதுதான் எச்-சுட்டி. ஒருவருக்கு எச்-சுட்டி 10 எண்டால், குறைந்தது 10 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 10 இருக்கு எண்டு அர்த்தம். நூறு கட்டுரை எழுதி ஒண்டையும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காவிட்டால் சுட்டி பூச்சியம். ஒரேயொரு கட்டுரை ஆயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்டாலும், அது தனியே நின்றால் சுட்டி 1தான்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தக் கணக்குக்குச் சில குணங்கள் உண்டு. கூகுள் ஸ்கொலர், ஸ்கோப்பஸ், வெப் ஒஃப் சயன்ஸ் மூன்றிலும் ஒரே ஆளுக்கு மூன்று விதமான எண் வரும். கூகுள் ஸ்கொலர் ஆய்வேடுகளையும் புத்தகங்களையும் அறிக்கைகளையும் சேர்த்து எண்ணும். வெப் ஒஃப் சயன்ஸ் தெரிவுசெய்த சஞ்சிகைகளையே பெரும்பாலும் எண்ணும். ஆய்வாளர்கள் அதிகமாக உள்ள துறையில் மேற்கோளும் அதிகமாக வரும். இருதய நோயைப் பற்றி எழுதுகிறவருக்கும் ஒரு சிறிய தீவின் வடக்கு மூலையில் இடம்பெயர்ந்த சனத்தைப் பற்றி எழுதுகிறவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. ஒரு கட்டுரை பிழை எண்டு காட்டுவதற்காகச் சுட்டினாலும் கணக்கில் ஒண்டு கூடும். இந்தப் பிரச்சினைகளைப் பார்த்துத்தான் 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடின ஆய்வாளர்களும் சஞ்சிகை ஆசிரியர்களும் ஒரு பிரகடனத்தைத் தயாரித்தார்கள். சஞ்சிகையின் தாக்கக் காரணியை வைத்துத் தனி ஆய்வாளரை எடை போடாதீர்கள் என்பது அதன் சாரம்.

அப்படியிருந்தும் பதவி உயர்வு, ஆய்வுப் பணம், வெளிநாட்டு அழைப்பு எல்லாத்திலும் இந்த எண்கள் இண்டைக்கும் கதைக்கின்றன.

ஒரு பட்டியலுக்குள்ள ஒரு பயணம்

தயா சோமசுந்தரத்தின் வெளியீடுகளை எண்ணாமல், வருட ஒழுங்கில் வாசித்துப் பார்த்தோம். அப்போது வேறொன்று தெரிந்தது. பட்டியலுக்குள் ஒரு வைத்தியரின் கேள்வி மெல்ல மெல்ல மாறிக்கொண்டு போகிறது.

யாழ்ப்பாண மருத்துவ பீடம் தொடங்கினது 1978இல். பீடம் வளர்ந்த காலமும் போர் வளர்ந்த காலமும் ஒண்டுதான். 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளரும் வைத்தியர்களும் ஊழியர்களும் இந்திய இராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் இந்த ஆய்வுகள் தொடங்கின.

1994இல் அவரும் உளமருத்துவர் சிவயோகனும் 'பிரிட்டிஷ் ஜேர்னல் ஒஃப் சைக்கியாட்ரி'யில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாதாரண சனத்திடம் போர் என்ன செய்திருக்கிறது என்பதே ஆய்வு. போரின் நெருக்கீடு எதையுமே அனுபவிக்காதவர்கள் வெறும் 6 வீதம். உளசமூகப் பாதிப்புகள் தெரிந்தவர்கள் 64 வீதம். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய், அதாவது பி.ரி.எஸ்.டி, 27 வீதம். பதகளிப்பு நோய் 26 வீதம். பெரும் மனச்சோர்வு 25 வீதம். இவை எல்லாத்தையும் விடக் கூடுதலாக இருந்தது, மனவேதனை உடம்பு நோவாக வெளிப்படுவது: 41 வீதம்.

அந்த 41 எங்களுக்குப் புதினமில்லை. "நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது", "தலையிடி விடேல்லை", "கை கால் விறைக்குது", "பெருமூச்சு வந்துகொண்டே இருக்கு" எண்டு ஓபிடி வரிசையில் நிற்கிற எங்கட அம்மாக்களை, அம்மம்மாக்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். மருந்தும் பனடோலும் வாங்கிக்கொண்டு வருவார்கள். கவலை எண்டு ஒரு வார்த்தை வராது. அந்த உடம்பு மொழியை ஒரு சர்வதேச சஞ்சிகையில் எண்ணாக எழுதி வைத்தது சின்ன விசயமில்லை. "இந்தச் சனத்துக்கு மனநலச் சேவை தேவை" எண்டு கேட்கப் போகிறவருக்குக் கையில் ஒரு ஆதாரம் கிடைத்தது. மேற்கோள் எண்ணிக்கை வீண் எண்டு நாங்கள் சொல்லாததற்கு முதற்காரணம் இதுதான். உலகத்தின் காதுக்குப் போகிற வழிகளில் அதுவும் ஒண்டு.

1996இல் விமானக் குண்டுவீச்சில் தப்பியவர்களின் மனநிலை பற்றிய கட்டுரை 'சோசல் சயன்ஸ் அன்ட் மெடிசின்' சஞ்சிகையில் வந்தது. 1998இல் வடுப்பட்ட மனங்களைப் பற்றின அவருடைய ஆங்கில நூல் வெளியானது. 2002இல் பி.எம்.ஜே எனப்படும் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் சிறுவர் போராளிகளைப் பற்றி எழுதினார். ஒரு பிள்ளையை இயக்கத்துக்குத் தள்ளுகிறது எது, இழுக்கிறது எது என்ற இரண்டையும் அதில் பார்த்தார்.

இதுவரைக்கும் பெரும்பாலும் அளவிடப்பட்டது தனி மனிதர். மேற்குலக மனநல மருத்துவத்தின் பழக்கமும் அதுதான். ஒரு ஆள், அவருக்கு ஒரு நோய்க்குறி, அதற்கு ஒரு சிகிச்சை. 2007இல் 'இன்டர்நாஷனல் ஜேர்னல் ஒஃப் மென்ரல் ஹெல்த் சிஸ்டம்ஸ்' சஞ்சிகையில் அவர் எழுதின கட்டுரையில் அந்த அலகு மாறுகிறது. கூட்டு மனவடு என்ற எண்ணக்கருவை வட இலங்கைக்கு வைத்துப் பார்க்கிறார். 2004 சுனாமியையும் நீண்ட போரையும் ஒப்பிட்டு, சுனாமியை விட நீண்ட போர்தான் சமூகத்தை அடியோடு மாற்றியது எண்டு சொல்கிறார். தனித்த பெற்றோர் குடும்பங்கள், குடும்பத்துக்குள்ளேயே நம்பிக்கையீனம், பிள்ளை வளர்ப்பில் மாற்றம். ஊர் மட்டத்தில் மௌனம், சந்தேகம், தலைமை இல்லாத நிலை, மற்றவரில் தங்கியிருத்தல். நோயாளி எண்டு ஒரு ஆளைப் பிடித்துக் கதிரையில் இருத்த முடியாத நோய் இது. ஊரே படுத்திருந்தால் யாருக்கு மருந்து எழுதுவது?

அந்தக் கேள்விதான் மூன்று வருடத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தது.

2009, தர்மபுரம்

கிளிநொச்சி நகரம் 2009 ஜனவரி 2இல் இராணுவத்திடம் போனது. அதற்கு முன்னமே கிளிநொச்சிப் பொது வைத்தியசாலையின் சேவைகள் தர்மபுரத்துக்கு இடம்மாறத் தொடங்கியிருந்தன. எங்கட சின்ன வைத்தியசாலை ஒரு மாவட்டத்தின் காயக்காரரைத் தாங்கினது. ஜனவரியில் வைத்தியசாலைச் சுற்றாடலிலும் செல் விழுந்து உயிர்கள் போயின. பிறகு வைத்தியசாலையும் சனத்தோடு சேர்ந்து கிழக்கே நகர்ந்தது. எங்களில் பலர் அப்போது கைப்பிள்ளைகள், சிலர் அம்மா வயிற்றில். எங்களுக்கு அது கேட்டு வளர்ந்த கதை.

அந்த மாதங்களில் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா முதலான அரச வைத்தியர்கள் வன்னியில் நின்று வேலை செய்தார்கள். எத்தனை காயம், எத்தனை சாவு, என்ன மருந்து இல்லை எண்டு கடிதங்களும் அறிக்கைகளும் கொழும்புக்கும் வெளியுலகத்துக்கும் அனுப்பினார்கள். போர் முடிந்ததும் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். 2009 யூலையில், தடுப்பில் இருந்தபடியே, பத்திரிகையாளர் முன்னால் அந்த எண்கள் மிகைப்படுத்தப்பட்டவை எண்டு சொன்னார்கள். 2011இல் வெளிவந்த ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை இந்தக் காலத்தை ஆராய்ந்தது. 2008 ஓகஸ்ட் தொடக்கம் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டு 18,479 பேர் காயப்பட்டதாக ஐ.நா.வின் நாட்டுக் குழு தொகுத்த கணக்கு அதில் இருக்கிறது. உண்மைத் தொகை 40,000 வரை இருக்கலாம் என்பதையும் அந்தக் குழு தள்ளிவைக்கவில்லை.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. செல்லடிக்கு நடுவில் ஒரு கொப்பித்தாளில் எழுதின காயக்கணக்கும் மருத்துவ எழுத்துத்தான். அதற்குச் சஞ்சிகை இல்லை, எச்-சுட்டி இல்லை. ஆனால் உலகம் வன்னியைப் பற்றிக் கதைத்தபோது முதலில் தேடினது அந்த மாதிரி எண்களைத்தான்.

தயா சோமசுந்தரத்தின் வன்னிக் கட்டுரை 2010இல் அதே மனநலச் சஞ்சிகையில் வந்தது. 2009 ஜனவரி தொடக்கம் மே வரை ஏறக்குறைய 3,00,000 பேர் பட்ட பாடு அதன் பொருள். அரச படைகளின் செல்லடிக்கும் விமானக் குண்டுக்கும் ஒரு பக்கம், பலவந்தமாக ஆள்பிடித்து மிச்சச் சனத்தைப் பணயமாக வைத்திருந்த புலிகளுக்கு மறுபக்கம், நடுவில் சனம் எண்டு அவர் எழுதுகிறார். முறை வேறு. வீதக் கணக்கு அங்கே முக்கியமில்லை. நேர்காணல், குடும்பமாக இருத்திக் கதைத்தது, குழுக் கலந்துரையாடல், பிள்ளைகள் கீறின படம், கடிதம், கவிதை. முடிவும் தனி ஆளைப் பற்றியதல்ல. குடும்ப உறவுகளும் ஊர் அமைப்புகளும் உடைந்துபோயின. விரக்தி, செயலின்மை, மௌனம், விழுமியச் சிதைவு, வெளி உதவியில் தங்கியிருத்தல் எல்லாம் கூட்டு அறிகுறிகளாக வந்தன. கூடவே மீண்டெழும் தன்மையும், வடுவுக்குப் பின்னான வளர்ச்சியும் இருந்தன. நினைவுகளை ஆற்றுவதும் குடும்பத்தையும் ஊரையும் திரும்பக் கட்டுவதும் இல்லாமல் மீள்குடியேற்றமும் அபிவிருத்தியும் பலன் தராது என்பதே அதன் வேண்டுகோள்.

அதே காலத்தை வேறு கண்ணால் பார்த்த ஆய்வும் உண்டு. 2009 யூலை தொடக்கம் செப்ரெம்பர் வரை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலைய ஆய்வாளர்கள் யாழ். மாவட்டத்தில் வீடு வீடாக ஒரு ஆய்வு செய்தார்கள். 2011இல் அது 'ஜாமா'வில் வந்தது. மருத்துவ உலகத்தில் மிக உயர்ந்த தாக்கக் காரணி உள்ள சஞ்சிகைகளில் அது ஒண்டு. பி.ரி.எஸ்.டி 7 வீதம், பதகளிப்பு அறிகுறி 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம். இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் மூன்றும் கூடுதல். இந்த எண்கள் தேவை. எத்தனை உளமருத்துவர், எத்தனை கட்டில், எவ்வளவு மருந்து எண்டு திட்டமிட எண் வேண்டும். ஆனால் கோயில் திருவிழாவை இனி யார் நடத்துவது, செத்தவீட்டுக்குப் பறை மேளம் கூட இல்லாமல் புதைத்துவிட்டு வந்தவர்கள் எப்படி ஆறுவார்கள், காணாமல்போன மகனுக்கு அந்தியேட்டி செய்யிறதோ விடுறதோ எண்டு தவிக்கிற தாய்க்கு என்ன சொல்வது என்பதெல்லாம் வீதத்துக்குள் அடங்காது. அந்தக் கேள்விகளுக்கு இடம் விட்டது வன்னிக் கட்டுரை.

எழுதுவதற்குக் கொடுத்த விலை

மேற்கோள் எண்ணும்போது, ஒரு கட்டுரையை எங்கேயிருந்து எழுதினார்கள் என்பதற்குத் தனிப் புள்ளி கிடையாது. தயா சோமசுந்தரம் 1990இல் வெளிவந்த 'முறிந்த பனை' நூலின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர். மற்ற மூவர் ராஜன் ஹூல், கே. ஸ்ரீதரன், ராஜனி திராணகம. இலங்கை அரசு, இந்திய இராணுவம், தமிழ் இயக்கங்கள் எண்டு ஒருவரையும் விடாமல் சனத்தின் பக்கத்திலிருந்து விமர்சித்த நூல் அது. அதே மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைவராக இருந்த ராஜனி, நூல் அச்சாகி வர முதலே, 1989 செப்ரெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நூல் மருத்துவ சஞ்சிகைகளின் சுட்டிக்குள் வராது. ஆனால் பிறகு அவர் எழுதின மருத்துவக் கட்டுரைகளை விளங்கிக்கொள்ள அந்த நூலும் வேண்டும். "இரண்டு பக்கமும் சனத்தை நசுக்கினது" எண்டு 2010இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதின துணிவுக்கு இருபது வருடப் பின்னணி இருக்கு.

எங்கட ஊரில் இதற்கு உடன்படாதவர்களும் உண்டு. புலிகளைப் பற்றி அப்படி எழுதினது சரியில்லை எண்டு சொல்லும் மாமாமாரும், "உண்மையைத்தானே எழுதியிருக்கு" எண்டு சொல்லும் அக்காமாரும் ஒரே வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்த வாக்குவாதம் நல்லது. ஆனால் வாக்குவாதப்பட முதல் கட்டுரையை வாசிக்கவேணும். அங்கேதான் பிரச்சினை தொடங்குது.

போனது, திரும்பி வராதது

2001இல் விக்ரம் பட்டேலும் இலங்கை உளமருத்துவர் அதுல சுமதிபாலவும் ஆறு முன்னணி உளமருத்துவ சஞ்சிகைகளை ஆராய்ந்தார்கள். உலக சனத்தொகையின் 90 வீதத்துக்கு மேல் வாழும் நாடுகளிலிருந்து வந்த கட்டுரைகள் வெறும் 6 வீதம். அந்த 6 வீதத்துக்குள்தான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவர்கள் இடம்பிடிக்க வேண்டியிருந்தது, அதுவும் மின்சாரம் இல்லாமல், தபால் ஒழுங்காகப் போகாமல், பொருளாதாரத் தடைக்குள் இருந்துகொண்டு. ஆகவே அவர்களுடைய ஒவ்வொரு மேற்கோளுக்கும் நாங்கள் கூடுதல் மரியாதை வைக்கிறோம்.

சுனாமிக்குப் பிறகு வேறொரு சிக்கல் வந்தது. தகவல் சேர்க்க வெளியாட்கள் பெருவாரியாக வந்திறங்கினார்கள். அதே சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005இல் 'லான்செட்'டில், பேரழிவுக்குப் பின்னான ஆய்வுகளில் அறநெறி தேவை எண்டு எழுதினார்கள். வன்னியில் 2009க்குப் பிறகும் அப்படித்தான். முகாமிலும், மீள்குடியேறின பிறகும், கேள்விக்கொத்தோடு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. "எழுதிக்கொண்டு போச்சினம் பிள்ளை, பிறகு ஒருத்தரும் வரேல்லை" எண்ட வசனத்தை எங்கட ஊரில் எந்தத் திண்ணையிலும் கேட்கலாம். எங்களில் சிலர் ஏ.எல். முடித்துவிட்டு நாட்கூலிக்கு அந்தக் கேள்விக்கொத்துகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத் திரிந்தும் இருக்கிறோம். அதில் வந்த முடிவை நாங்களும் காணவில்லை, பதில் சொன்ன வீட்டுக்காரரும் காணவில்லை.

தயா சோமசுந்தரத்தின் விசயம் இதிலிருந்து வேறு. 2007, 2010 கட்டுரைகள் இரண்டும் காசு கட்டாமல் எவரும் இணையத்தில் வாசிக்கக்கூடியவை. 2013இல் சிவயோகனோடு எழுதின, சமூகத்தின் மீண்டெழும் ஆற்றலைத் திரும்பக் கட்டுவது பற்றிய கட்டுரையும் அப்படியே. சிவயோகனோடு சேர்ந்து தமிழ்ச் சமூகத்தின் உளநலம் பற்றி 2000இல் ஒரு கைநூலும் செய்தார். ஆசிரியர்கள், கிராம மட்ட ஊழியர்கள் போன்றவர்களுக்கு உளநலப் பயிற்சி கொடுக்கும் வேலையிலும் இருந்தார். அந்தப் பயிற்சி பெற்ற ஒரு ஆசிரியை, வகுப்பில் பேசாமல் இருக்கும் பிள்ளையைத் தடியெடுத்து அடிக்காமல் பக்கத்தில் கூப்பிட்டு இருத்திக் கதைத்தால், அது எந்தச் சுட்டியில் பதியும்? இண்டைக்கு எங்கட ஊரில் "மனவடு", "உளவளத்துணை" எண்ட சொற்கள் சாதாரணமாகப் புழங்குதெண்டால், அதற்குப் பின்னால் இந்த மாதிரி வேலை செய்த ஒரு தலைமுறை இருக்கு.

இதற்கு எங்கட மண்ணில் பழைய முன்மாதிரியும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தார். பிறகு தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கி, ஆங்கில மருத்துவ நூல்களைத் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். கிறேயின் உடற்கூற்றியல் நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எண்டு தமிழில் வந்தது. அவருடைய நோக்கத்தில் மதப் பரப்பலும் இருந்தது, அது தெரிந்ததே. ஆனால் அறிவு சனத்தின் பாசையில் இருக்கவேணும் எண்டதை அவர் விளங்கிக்கொண்டார். அவர் அறிவைத் தமிழுக்குள் கொண்டுவந்தார். எங்கட காலத்துப் பிரச்சினை அதுக்கு நேரெதிர்: எங்கட சனம் தமிழில் சொன்னது ஆங்கிலத்துக்குள் போய் அங்கேயே நிண்டுபோச்சு.

ஒரு சொல்லோடு எங்களுக்குள்ள பிணக்கு

வன்னிக் கட்டுரையை நாங்கள் கூட்டாக இருந்து வாசித்தபோது ஒரு இடத்தில் சண்டை வந்தது. செயலின்மை, ஊக்கமின்மை, தங்கியிருத்தல் என்ற சொற்கள். "எங்கட அம்மா செயலில்லாமல் இருந்தவவோ? முகாமால வந்து தறப்பாளுக்குள்ள இருந்துகொண்டு கச்சான் போட்டு, கோழி வளர்த்துத்தானே எங்களைப் படிப்பிச்சவ?" எண்டு ஒருத்தி கேட்டாள். இன்னொருவன் சொன்னான், "அந்த ஆய்வு செய்தது முள்ளுக்கம்பிக்குள்ள இருந்த காலம். அப்ப சனம் வேற என்ன செய்யிறது?"

இருவர் சொன்னதும் சரி. கட்டுரை மீண்டெழும் தன்மையையும் சொல்கிறது. ஆனால் மேற்கோள் என்பது ஒரு வசனத்தைப் பிடுங்கிக்கொண்டு போவது. முழுக் கட்டுரையும் கூடப் போகாது. "வன்னிச் சமூகம் செயலற்றது, தங்கியிருப்பது" எண்ட அரை வசனம் ஒரு திட்ட முன்மொழிவுக்குள் போய், அங்கேயிருந்து ஒரு அறிக்கைக்குள் போய், கடைசியில் எங்களைப் பார்க்காத ஒருவர் எங்களுக்குத் தீட்டுகிற திட்டத்தின் அடிப்படையாக மாறக்கூடும். மேற்கோள் கூடக் கூட அந்த அரை வசனத்துக்கும் வலு கூடும். 2010இன் முகாம் வாழ்க்கையை வைத்து இண்டைய தர்மபுரத்தை அளக்க ஒருவரையும் விடக்கூடாது. அதைத் தடுக்க ஒரே வழி, கட்டுரையில் உள்ளவர்களே அதை வாசித்து, "இது சரி, இது இப்ப மாறிட்டுது, இதை நீங்கள் காணேல்லை" எண்டு எழுதுவதுதான்.

ஆகவே எங்கட ஊருக்கு இனி வரும் ஆய்வாளர்களிடம் மூன்று விசயம் கேட்கிறோம். முடிவுகளைத் தமிழில், நாலு பக்கத்தில் என்றாலும், ஊர் வாசிகசாலைக்குத் தாருங்கள். கேள்விக்கொத்தைத் தூக்கித் திரிந்த பொடியன் பெட்டையளை நன்றியுரையில் ஒரு வரியோடு விடாமல், தகுதியிருந்தால் கட்டுரையாளராகச் சேருங்கள். கேள்விகளை எழுத முதலே ஊரோடு இருந்து கதையுங்கள். எங்களுக்கு முக்கியமான கேள்வி உங்களுடைய பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம்.

எங்கட பங்குக்கு, 2010 வன்னிக் கட்டுரையின் சுருக்கத்தையும் முடிவுரையையும் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறோம். மருத்துவச் சொற்களில்தான் தடக்குப்படுகிறோம். அந்த ஆங்கிலச் சொற்களுக்கு ஊர்ச் சனம் சொல்லும் சொல்லே பல இடத்தில் பொருந்துது, சில இடத்தில் பொருந்தேல்லை. தாதியர்கள், மருத்துவ பீட மாணவர்கள், உளவளத்துணையாளர்கள் யாராவது வாசித்தால் உதவுங்கள். முடிந்ததும் முதலில் வாசித்துக் காட்டப் போவது அந்த நாட்களைக் கடந்துவந்த எங்கட பெரியவர்களுக்குத்தான். அவர்கள் சொல்லும் திருத்தங்களைப் பக்கத்துக்குப் பக்கம் குறித்து, மொழிபெயர்ப்போடு சேர்த்தே வெளியிடுவோம்.